ரசம் இனித்தது

எங்கள் வீட்டில் ஈயம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அடுப்படியில், அம்மா சீராகக் கொண்டுவந்த ஈயச்சொம்பு. இன்னொன்று கொல்லையில், சித்தப்பாவின் இரும்புச்சட்டியில். இரண்டையும் ஒரே பெயரால்தான் சொன்னோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பெயருக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிற வயதில்லை. சந்தேகப்படுகிற வயதில் இருந்தவர்களும் சந்தேகப்படவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முன்பக்கம் சித்தப்பாவின் பேட்டரிக் கடை. ஆட்டோ, லாரி, இன்வெர்ட்டர் என்று ஊரில் உயிர்விட்ட பேட்டரிகள் எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றைக் கொல்லையில் உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை உருக்கி, மீன் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளாக வார்ப்பார். ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் வந்து சாக்கில் அள்ளிப் போவார்கள். உருகிய ஈயத்தின் மேல் பாலாடை மாதிரி ஒன்று படரும். அதில் மயில் கழுத்து நிறங்கள் ஓடும். அதைவிட அழகான ஒன்றை நானும் தங்கையும் அதுவரை பார்த்ததில்லை. கோணலாக விழுந்த குண்டுகள் எங்களுக்கு. அவற்றை வைத்துப் பல்லாங்குழி ஆடுவோம். எல்.கே.ஜி. படித்த தங்கை தன் குண்டுகளை வாயில் அதக்கிக்கொள்வாள். கையில் வைத்தால் நான் திருடிவிடுவேனாம். விழுங்கிவிடாமல் இருந்தால் சரி என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை.

பிறகு அவள் சாப்பிட மறுத்தாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிட்டார்கள். கடைசியில் அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்துக்கு வந்தாள். ஈயச்சொம்பில் வைத்த ரசம். பசியைக் கிளப்பும், உடம்புக்கு நல்லது என்பது அவளுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம்.

ஈயச்சொம்பைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது. அம்மாவுக்குத் தெரியாததல்ல. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளியைக் கரைப்பதற்குள் குவைத்திலிருந்து அப்பாவின் போன் வந்துவிட்டது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டு, அம்மா அழுது முடிப்பதற்குள் சொம்பின் அடி இளகி, அடுப்பில் சொட்டி, ஓட்டை விழுந்துவிட்டது.

சித்தப்பா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி அழுவுறீங்களா அண்ணி? நம்மகிட்ட இல்லாத ஈயமா?"

"இதுவும் அதுவும் ஒண்ணுதானா தம்பி?"

"ஈயத்துல என்ன அண்ணி ஒசத்தி, மட்டம்?"

சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கோலால் அடியை ஒட்டினார். பாசத்தில் உட்பக்கமும் தாராளமாக ஒரு பூச்சு.

சொம்பு வெள்ளீயம், சித்தப்பாவுடையது காரீயம். ஒன்று ரசத்துக்கு, இன்னொன்று வலைக்கும் பேட்டரிக்கும். காரீயம் புளிப்பில் மெல்ல மெல்லக் கரையும், கரைந்தால் இனிக்கும், மூளைக்கு ஏறும். இப்போது வேதியியல் படிக்கிறேன் என்பதால் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அப்போது தெரிந்ததெல்லாம், ரசம் லேசாகத் தித்தித்தது என்பதுதான். எதையும் தொடாத தங்கை அதை மட்டும் இன்னும் இன்னும் என்று கேட்டாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. காலையும் மாலையும் ரசம் வைத்தாள்.

தங்கை பாட்டுகளை மறக்கத் தொடங்கினாள். நடந்தால் கால் தடுக்கியது. ஒருநாள் வலிப்பு வந்து, திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டபோது சித்தப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

"பிள்ளை ரத்தத்துல லெட் நெறைய ஏறியிருக்கும்மா. அவங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"குவைத்துல டிரைவருங்க."

"வீட்ல லெட் ஏதும் கெடக்கா? எடுத்து வாயில வைக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அது என் பொறுப்பு. எனக்கோ பதில் நுனி நாக்கில் இருந்தது. தலையை அழுத்தினால் கரிக்குச்சி வெளியே வருகிற பென்சில் ஒன்று என்னிடம் உண்டு. அந்தக் குச்சிக்கு எங்கள் வகுப்பில் லெட் என்று பெயர்.

"இருக்கு டாக்டர். என்னோடது. பாப்பா எடுத்துக் கடிக்கும்."

"அதையெல்லாம் மொதல்ல வெளிய போடுங்க. ஒண்ணுகூட வீட்ல இருக்கக் கூடாது," என்றார். வெளியே வரிசை படிக்கட்டு வரை நின்றது.

சித்தப்பா மூச்சிரைக்க வந்தார். "என்னவாம் அண்ணி?"

"பெரியவ பென்சில்ல இருக்குற லெட்டாம் தம்பி."

"படிப்பு படிப்புன்னு கண்டதையும் வாங்கச் சொல்றாய்ங்க. அங்கிட்டுப் போயி விசாரிச்சா, பள்ளிக்கூடத்துக்காரய்ங்க வாயத் தெறக்க மாட்டாய்ங்க," என்றார் சித்தப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் தங்க, சித்தப்பாவும் நானும் வீடு திரும்பி, பென்சில் என்று பேர் உள்ள அத்தனையையும் தேடி எடுத்தோம். அம்மாவின் புருவப் பென்சில்கூடத் தப்பவில்லை. எல்லாவற்றையும் சித்தப்பா கொல்லை அடுப்பில் போட்டார். மேலே சட்டியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. அவை எரிந்து முடிகிற வரை பக்கத்திலேயே நின்றோம்.

அடுத்த தடவை தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வேறொரு டாக்டர் அதையே தமிழில் சொன்னார். ஈயம் என்றதும் அம்மா ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா அதோடு சட்டியைத் தொடவில்லை. தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. ஒரு கணக்கைத் தொடங்கினால் பாதியில் நின்று, எதற்குத் தொடங்கினோம் என்று என் முகத்தைப் பார்ப்பாள்.

ஆனால் அந்த முதல் தடவை, மருந்தில் தேறி அவள் வீட்டுக்கு வந்த அன்று, எங்களுக்குத் திருவிழாதான். அம்மா ஆரத்தி எடுத்தாள். அடுப்படியில் ஈயச்சொம்பு கொதித்து நுரை கட்டியது. முதல் டம்ளரை ஆற்றித் தங்கையின் வாயில் வைத்து, "இனிக்குதாடி?" என்று கேட்டாள்.

தங்கை தலையாட்டிவிட்டு டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் வீட்டை ஒருமுறை சுற்றிவந்தேன். அலமாரியில், பையில், கட்டிலுக்கு அடியில் எங்கேயும் ஒரு லெட் கூட இல்லை. அந்த நிம்மதியில் நானும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.