துவாய் என்றால் துவாய்தான்

இயந்திரத்திலிருந்து சுடச்சுட இறங்கிய வெள்ளைத் துவாய். இரண்டு முனை என் கையில், மற்ற இரண்டும் செஞ்ஞோராவின் கையில். எழுபதுகளில் மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருவரும் துணி மடித்தோம். சிலி நாட்டிலிருந்து வந்த அவரை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். ஸ்பானிய மொழியில் அது பெண்களுக்கான மரியாதைச் சொல். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. வாரக்கணக்கில் பேசாமலே நின்றோம். அன்று ஏதோ நினைவில், "உந்தத் துவாயை இஞ்சால தாங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் சரியாக அதையே எடுத்து நீட்டி, "தொவாயா" என்றார். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதியும் காட்டினார்: இரண்டு 'எல்' போட்டு, அதை 'ய' என்று வாசித்தார். போர்த்துக்கேயர் எங்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொல்லுக்கு ஸ்பானியத்தில் ஒரு கூடப்பிறந்தது இருந்திருக்கிறது. இந்த ஊருக்கு வந்தபின் என் வாயில் வந்த சொல்லொன்று பிறத்தியாருக்கு விளங்கியது அன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகென்ன, மேசை, சப்பாத்து என்று இரண்டு பாஷையிலும் ஒத்துப்போன சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தோம். சூப்பவைசருக்கு அது பொறுக்கவில்லை. இங்கே ஆங்கிலம் மட்டும்தான், மீறினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல், "டவல். சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். வேலை போனால் இன்னொன்று தேட எங்களிடம் ஆங்கிலமும் இல்லை. செஞ்ஞோரா நிமிர்ந்து நின்று "தொவாயா" என்றார்.  அந்த மனுசியைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. "துவாய்" என்றேன். இது யாருடைய பாஷை என்று சூப்பவைசர் சீறினார். "என்னுடையது" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம், அதையாவது ஆங்கிலத்தில். யாரை அனுப்புவதென்று தெரியாமல் மனுசன் முழித்தார். இருவரையும் அனுப்பினால் குவிந்து கிடக்கும் துணியை யார் மடிப்பது? முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேசினோம்.

இப்போது அதே துணியை என் பேரப்பிள்ளைகள் டவல் என்கிறார்கள். சொல்லட்டும். அண்மையில்தான் அகராதியில் பார்த்தேன்: தொவாயா, துவாய், டவல் மூன்றுமே கழுவுதலைக் குறித்த ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தவையாம்; ஆங்கிலமும் அந்த ஜெர்மானியக் குடும்பம்தானே. அன்றைக்கே தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? "ஐயா, நாங்கள் உங்கட சொல்லைத்தான் சொல்லுறம். உங்களுக்குத்தான் உச்சரிப்புச் சரியில்லை" என்று அந்தச் சூப்பவைசரின் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.