அக்கா தைத்த வெள்ளை அங்கி

அக்காவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: அத்தான், இரண்டு மகள்கள், தம்பியாகிய நான், ஒரே வரிசையில் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள், துணிக்கடைப் பெரியவர், போதகர் ஐயா, அவர் மனைவி. யாரையாவது விட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபம் முடியும்வரை ஐயா இடது கையால் அங்கியின் அடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஏன் என்று பலர் கேட்டீர்கள்.

அக்கா சாத்தான்குளம் பக்கம் பிறந்தவர்கள். பெற்றோர் மறைந்தபின், ஏழாம் வகுப்போடு நின்ற என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் டெய்லராகி என்னை ஆளாக்கினார்கள்.

எங்கள் சபையில் எல்லாரும் வாரச் சம்பளக்காரர்கள். காணிக்கை ஐயா வீட்டு அரிசிக்கே எட்டாது. அவருடைய ஒரே அங்கி தோளில் கிழிந்திருந்தது. லைன் வீட்டுப் பெண்ணுக்கு டவுன் பெரிய சர்ச்சில் கல்யாணம் வந்தபோது, "இதைப் போட்டுட்டு அங்க எப்படிம்மா நிக்க? வேற போதகரைக் கூப்பிடுங்க" என்றார் ஐயா.

அக்கா அன்றே துணிக்கடைக்குப் போய், கிலோ கணக்கில் விற்கும் வெள்ளைப் பனியன் துணியைக் கடனுக்குக் கேட்டார்கள்.

"பாஸ்டருக்குங்களா அம்மணி? காசு வேண்டாமுங்க."

"காசு வாங்கலன்னா நீங்க குடுத்ததா ஆயிரும்யா. இது நான் குடுக்கது."

"அட, சனிக்கிழமை பாத்துக்கலாமுங்க."

கல்யாணத்தில் ஐயா ராஜா மாதிரி நின்றார். ஆனால் அக்காவுக்குப் பழகியது பனியன் துணி மட்டும்தான். துவைத்துக் கொடியில் போட்டதும் ஈரக் கனத்தில் இழுபட்டு அங்கி ஒரு சாண் இறங்கிவிட்டது. ஐயா கோபிப்பாரோ என்று பயந்தேன்.

ஐயாவோ சிரித்துக்கொண்டே வந்தார். "ஏம்மா, நான் வளரலையே, அங்கி மட்டும் வளருதே!"

"அடியை வெட்டித் தாரேன்யா."

"அதை ஏன் வெட்டணும்? கையில பிடிச்சுக்கிடுதேன்."

சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கியதும் அக்கா துணிக்கடைக்குப் போவார்கள். பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, காசை வாங்காமல் அனுப்பிவிடுவார். கடைசியில் ஆஸ்பத்திரியிலும், "எலேய், அங்கிக் கடனைக் கட்டிட்டியா?" என்றுதான் கேட்டார்கள். நானும் கட்டப் போனேன். "போ கண்ணு, அக்காவைப் பாரு" என்று பெரியவர் என்னையும் அனுப்பிவிட்டார்.

தினமும் கஞ்சி கொண்டுவந்த ஐயாவின் மனைவிக்கும், முறைபோட்டுத் துணைக்கு இருந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

துணிக்கடைப் பெரியவரே, அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். தயவுசெய்து அங்கிக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அங்கி அக்கா கொடுத்ததாகவே இருக்கட்டும். பாக்கி நானூற்று எண்பது ரூபாய்.