இரண்டு கடைச் சீமெண்ணெய்

என் அறைப் பரணில் இரண்டு தகர டின்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் கைப்பிடியில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். நூல் சுற்றியது பஜார் கடைக்கு, மற்றது ஏரிக்கரைக் கடைக்கு. இரண்டு கடைக்கும் நடுவே நல்ல ஏற்றம். மூச்சிரைக்க ஏறி இறங்கி, பாதி இங்கே பாதி அங்கே என்று சீமெண்ணெய் வாங்கி வருவார் என் அத்தான், அக்காவின் கணவர். கொடைக்கானலில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன்.

அத்தான் பழனிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவர் பெண் கேட்டு வந்தபோது அப்பாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது; கடலைக் கண்ணால் பார்த்தவர் எங்களில் யாருமில்லை. "நடுக்கடல்ல மிஷின் நின்னுபோச்சுன்னா எம்புள்ள கதி என்னங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அத்தான் சிரித்தார். "மாமா, கப்பல்ல எல்லாமே ரெண்டு ரெண்டுங்க. பம்பு ரெண்டு, ஜெனரேட்டர் ரெண்டு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிக்கும். நீங்க போற வத்தலக்குண்டு பஸ்ஸைவிடப் பத்திரம்ங்க." அந்த பஸ் படுத்துகிற பாடு அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு பேச்சில் கல்யாணம் முடிவாயிற்று.

சில வருஷம் கழித்து ஒரு புயலில் அவருடைய கப்பலின் இன்ஜின் நின்றுபோனது. அலை இழுத்த போக்கில் போய்ப் பாறையில் மோதி உடைந்தது. கூட வேலை பார்த்த பலர் போய்விட்டார்கள். அத்தான் திரும்பி வந்தார். உயிர் மட்டும் வந்தது என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். அக்கா அவரை மலைக்குக் கூட்டிவந்து, டவுனுக்கு வெளியே, மின்சாரம் எட்டாத எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் மறுபடி மனுஷனாக வேண்டும் என்பது தவிர அக்காவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

எல்லாம் இரண்டு இரண்டாக இருந்த கப்பல் எப்படி நின்றது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் வருஷக்கணக்கில் கசடு படிந்து கிடக்குமாம். கடல் அமைதியாக இருக்கிறவரை அது பாட்டுக்குக் கிடக்கும். தொட்டியைக் காலிசெய்து கழுவ வேண்டும் என்று கேட்டால், அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்களாம். சரக்கு போய்ச் சேர வேண்டுமே. புயலில் கப்பல் புரண்டு புரண்டு ஆடியதும் கசடு மொத்தமும் கலங்கியது. வடிகட்டி அடைத்துக்கொள்ள, பெரிய இன்ஜின் திணறி நின்றது. மாற்று வடிகட்டி போட்டார்கள், அதுவும் அடைத்தது. ஒரு ஜெனரேட்டர் போயிற்று. அடுத்ததை ஓட்டினார்கள், அதுவும் போயிற்று. "மிஷினு ரெண்டு, பம்பு ரெண்டுதான் மாப்ளே. ஆனா எல்லாம் குடிச்சது ஒரே தொட்டியில. அதை ஒருத்தரும் எண்ணிப் பாக்கல" என்றார். எல்லாம் நின்றதும் கப்பலுக்குள் ஒரு அமைதி வந்ததாம். வெளியே அடித்த அலையைவிட அதுதான் பயமாக இருந்ததாம்.

அப்போதிருந்துதான் இந்த டின்கள். இரண்டு அரிக்கேன் விளக்கு, இரண்டு டின், இரண்டு கடை. ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் ஒரு சொட்டுக் கலக்கக் கூடாது. நான் அந்நாளில் காய்கறி லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலையில் இருந்தேன். கோஸும் கேரட்டும் கீழே கொண்டுபோகிற லாரிதான் திரும்பும்போது சீமெண்ணெய்ப் பீப்பாய் ஏற்றிவரும். பஜார் கடையில் பாதி இறங்கும், ஏரிக்கரைக் கடையில் மீதி இறங்கும். இது ஊருக்கே தெரியும், அத்தானைத் தவிர. "ஏலே, அவுககிட்ட சொல்லித் தொலைச்சிராத. அந்த ரெண்டு டின்னு இருக்கப் போயித்தான் அவுக கண்ண மூடித் தூங்குறாக" என்று அக்கா என் வாயைக் கட்டிவைத்திருந்தாள்.

பல வருஷம் இப்படி ஓடி, கடைசியில் அக்காவின் வேண்டுதல் பலித்தது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று அத்தான் தலையாட்டிவிட்டார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுக் காக்கிச் சட்டை தைத்து வாங்கி, மடித்து வைத்து, "வெள்ளனே எந்திரிச்சுப் போயிரணும்ங்க" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. லாரி மலை ஏறி வருகிற வழியிலேயே பீப்பாயில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்; அந்த எண்ணெயைத்தான் அத்தான் இரண்டு டின்னிலும் வாங்கி வந்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா ஏற்றிய அரிக்கேன் படபடவென்று பொரிந்து அணைந்தது. அத்தான் பதறவில்லை. "அதனால என்ன, இன்னொண்ணு இருக்குல்ல" என்று அடுத்ததைத் தானே ஏற்றினார். பெண் கேட்டு வந்த பழைய ஆளின் குரல் அது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் பொரிந்தது. அதுவும் அணைந்தது.

அத்தான் இருட்டில் என் பக்கம் திரும்பி, "மாப்ளே, ரெண்டு கடைக்கும் சரக்கு எங்கேருந்து வருது?" என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரே லாரிதாங்க அத்தான். பீப்பாயும் ஒண்ணுதான்" என்றேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வேலைக்கும் போகவில்லை, அதன்பின் எந்த வேலைக்கும் போகவில்லை. சீமெண்ணெய் வாங்கவும் போகவில்லை. யார் எதை ஏற்றினாலும் அணைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். எங்கள் பக்கம் மின்சாரம் வந்தபோதும் ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதே ஜன்னலோரத்தில்தான் ஒருநாள் முடிந்தும் போனார். அக்காவும் ரொம்ப நாள் இருக்கவில்லை.

சமீபத்தில் என் மகன் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டினான். "இனிமே கரண்டு போனாலும் கவலையில்லப்பா, பேக்கப் இருக்கு" என்றான். நல்லது என்று தலையாட்டிவிட்டுப் பரணைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், காக்கிச் சட்டையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, அக்கா இந்த டின்களைத்தான் வாசலில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "வேற வேலை கிடைக்காமலா போயிரும்க்கா?" என்று ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கப்பலுக்காச்சும் ரெண்டு இருந்துச்சு தம்பி. எனக்கு இவுக ஒருத்தருதான" என்றாள்.