மாரீஸ்வரி அக்கா எண்ணிய பதினோரு நிமிடம்

நடக்கும்போது மாரீஸ்வரி அக்காவின் இடது கை, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை அமுக்கிப் பிடித்திருக்கும். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பதினெட்டு அறைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. சாவிச் சத்தத்தில் தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாதாம்.

மண்டப ஊழியர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க விஆர் கண்ணாடியோடு போயிருந்தேன். அதை மாட்டினால் பேருந்து நிலையம் தெரியும். கண்ணெதிரே ஒருவர் சுருண்டு விழுவார். அவர் கிடக்கும் இடத்தில் நிஜமாகவே ஒரு ரப்பர் பொம்மை இருக்கும். அதன் நெஞ்சில் சரியாக அழுத்தினால் விளையாட்டில் அவர் பிழைப்பார்.

கண்ணாடியை மாட்டிய அக்கா, ஆள் விழுந்ததுமே சாவிக்கொத்தை உருவிப் பொம்மையின் கையில் திணித்தார். வலிப்புக்கு இரும்பு கொடுத்துப் பழகிய கை. விளையாட்டில் அந்த மனிதர் செத்துப்போனார்.

"அக்கா, இது வலிப்பில்ல. நெஞ்சு நின்னுருச்சு. நடு நெஞ்சுல அழுத்துங்க."

இரண்டாம் முறையும் கை சாவிக்கே போனது. மூன்றாம் முறை அழுத்தினார், பாவம் பார்த்து, மெல்ல.

"பச்சப்புள்ளைக்கு எண்ணெ தேய்க்கிறியாடி?" பாத்திரம் கழுவும் ரோகிணி சிரித்தார்.

"வலிக்கும்ல அந்தாளுக்கு!"

"ரப்பருக்கு வலிக்குமாம்ல!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்கா போடுங்க தம்பி. மூணு தடவ கொன்னுட்டேன் அந்த மனுசன."

நான்காம் முறை அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொம்மையைக் கும்பிட்டார்.

ஆவணியில் அதே மண்டபத்தில் என் நண்பனின் கல்யாணம். பந்தியில் பெண்ணின் சித்தப்பா மாயக்கண்ணன் இலைக்கு முன்னாலேயே சரிந்தார். மூச்சில்லை. சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்குக் கால் நகரவில்லை.

"ஏடி, சாவியக் கையில குடுடி!" ரோகிணி கத்தினார்.

"சாவிய விடு. நூத்தியெட்டுக்குப் போனப் போடு! எல்லாரும் அங்குட்டுத் தள்ளுங்க!"

அக்கா மண்டியிட்டு, கைமேல் கை வைத்து அழுத்தினார். ஒண்ணு, ரெண்டு, மூணு... முப்பது வந்ததும் மறுபடி ஒண்ணு. இருநூறு பேர் நின்ற கூடத்தில் அந்த எண்கள் மட்டும்தான் கேட்டன. எனக்கு ஒருவழியாகக் கால் வந்து, "மாத்திக்கவா அக்கா?" என்றேன்.

"கணக்கக் கெடுக்காதீக தம்பி."

நின்றுபோன ஓர் இதயத்துக்குப் பதிலாக இன்னொரு மனுஷி துடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம்.

நான்காம் நாள் மாயக்கண்ணன் பேசினார். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, அப்படி அழுத்தும்போது அது நடப்பதுதான் என்றார் மருத்துவர். எங்கள் விளையாட்டில் எலும்பு முறிவதில்லை; நானும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் முப்பதை எண்ணி முடிப்பதற்குள்ளேயே எலும்பு முறியும் சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்.