யார் பார்க்கிறது?

என் நாத்தனார் மாதம் ஒருமுறை காரியாபட்டியிலிருந்து தன் அம்மாவைப் பார்க்க வருவார். வந்ததும் மாமியாரின் முதுகில் புண் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், போர்வையை மோந்து பார்ப்பார், பிறகு வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரிடம் அம்மா இளைத்துப்போனதைச் சொல்லி மூக்கைச் சிந்துவார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விளங்காமல் போன அந்த அம்மாவைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டுகிற நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

புரட்டிப் புரட்டி என் இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். இப்படியே விட்டால் நானும் படுக்கைதான் என்றார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நாளாகும். வாரத்தில் ஒரு பகல் மட்டும் வந்து இருங்கள் என்று நாத்தனாரிடம் கெஞ்சினேன். ஊரில் எந்த மருமகளுக்கும் வராத இடுப்புவலி எனக்கு மட்டும் வந்துவிட்டதாம். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை.

அடுத்த முறை அவர் வந்திருந்தபோது, வீடு தேடி வந்து மருந்து கொடுக்கிற நர்ஸம்மாவும் வந்தார். ஊருக்குப் புதியவர். வாசலில் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"அம்மாவ யாரு பாக்குறது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"நாந்தான் பாக்குறேன். பெத்த மக நான் இருக்கேன்ல," என்றார் நாத்தனார்.

அப்படியானால் நீங்களே வாருங்கள் என்று நர்ஸம்மா அவரைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு, முட்டியை மடக்கிப் புரட்டுவது, அடித்துணி மாற்றுவது, முதுகு துடைப்பது எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்யவைத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பார்? நான் பையை எடுத்தேன்.

"மதினி, அதான் நீங்க பாக்குறீகல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சீமைக்கருவேல மரங்கள்கூட அன்றைக்கு அழகாகத் தெரிந்தன.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினேன். வீடு நாறிக் கிடக்கும் என்று ஆசையாகத்தான் வந்தேன். மாமியாரோ தலை சீவி, பூ வைத்து, சலவைச் சேலையில் படுத்திருந்தார். ஒரு குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இவ்வளவும் செய்யத் தெரிந்த கைதானா இத்தனை நாளும் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது?

கடைசி பஸ்ஸுக்கு நாத்தனார் கிளம்பினார். மாமியாரின் விளங்காத கைக்குள் மகளின் முந்தானை சிக்கியிருந்தது. விறைத்துப்போன கை அது, இழுக்க இழுக்க இறுகும். "விடும்மா, பஸ்ஸு போயிரும்," என்று இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாக விரியும். முன்பு இருந்த நர்ஸம்மா எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பஸ் ஊர் மந்தைத் திடலைக் கடந்து போகிற சத்தம் கேட்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.