மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு சுயேச்சை

நான் ஏற்காடு தொகுதி வாக்காளர். ஆனால் ஏற்காட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. வாழப்பாடியில் பிறந்து, வாழப்பாடியிலேயே ஓட்டுப் போடுகிறவள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் தொகுதிக்குப் பெயர் கொடுத்தது மலை. ஓட்டு எண்ணிக்கையில் கனம் சமவெளிக்கு. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு. அதில் ஒன்று எங்களுடையது. ஆனால் பெரிய கூட்டமா, கட்சிக்காரர்களின் பேச்சுவார்த்தையா, எல்லாம் அடிவாரத்தில்தான் நடக்கும். மலைக்குத் தேர்தல் என்பது ஒரு ஜீப், ஒரு மைக், ஒரு மதியப் பொழுது.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் ஒருவர், மலை ஓட்டை நம்பியா நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர், தென்னந்தோப்புச் சின்னத்தில் ஒரு பொம்பளை இரண்டு முறை நின்றதே என்று எடுத்துக் கொடுத்தார். பந்தியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்னத்தை வாக்குப்பதிவு இயந்திரத்தில் கீழ்வரிசையில் பார்த்த நினைவு இருந்தது. சுயேச்சை வேட்பாளர்கள் பெயரை யார் நின்று படிக்கிறோம்? இரண்டு வாரம் விசாரித்து அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் கண்டுபிடித்து, ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

வாழப்பாடியிலிருந்து போகிறவர்களுக்குக் குப்பனூர் வழி மலைப்பாதைதான் பக்கம். பஸ் குறைவு என்பதால் நான் சேலம் போய் மாறினேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடந்து, ஒன்பதரைக்கு ஏற்காட்டில் இறங்கினேன். ஏரிப் பக்கம் சுற்றுலாக் கூட்டம். ஒண்டிக்கடை சந்திப்புக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, மஞ்சக்குட்டை போகும் ஷேர் ஜீப்பில் ஏறினேன். ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஆனால் ஜீப் நிரம்பும்வரை நகராது. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

ஓட்டுநர் அந்தோணி, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். முன் சீட்டில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு, யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார். மல்லிகா என்றதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்தக்கா மொத தடவ நின்னப்ப மொதக் கையெழுத்துப் போட்டது எங்க ஊட்டுக்காரிதானுங்க" என்றார்.

அதை அவர் விளக்கினார். பெரிய கட்சி வேட்பாளரின் மனுவை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். மல்லிகாவின் சொந்த ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. காப்பி பறிக்கும் காலத்தில் அவர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவதுண்டு. கூட வேலை செய்த பெண்கள்தான் பத்துப் பேரும். அவர்கள் சமவெளியிலிருந்து வந்த குடும்பங்கள்; ஒதுக்கப்பட்ட தொகுதி என்பதால் அவர்களால் நிற்க முடியாது. ஆனால் நிற்கிறவரை முன்மொழியலாம். கூலிப் பெண்களுக்கு எதற்கு அரசியல் என்று கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் கேட்டபோது, அந்தோணியின் மனைவி, வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவது மட்டும் அரசியல் இல்லையா என்று திருப்பிக் கேட்டாராம். சொல்லும்போது அந்தோணி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மஞ்சக்குட்டை தாண்டித் தார் முடியும் இடத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மண்பாதை. சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளுமாக முதல் பாதி அழகுதான். இரண்டாம் பாதியில் பாதையை மழைநீர் அறுத்துப் போட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஊருக்கு இங்கே மேலக்கொம்பை என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆட்களின் பெயர்களும் அப்படியே.

மல்லிகாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார். நான் யார், ஏன் வந்தேன் என்று சொன்னதும், கால்வாசி புன்னகையோடு, "கீழ இருந்து ஓட்டுக் கேக்காம வந்த மொத ஆளு நீதான் கண்ணு" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கணவர் சடையன் சாக்கு மூட்டையைச் சணலால் தைத்துக்கொண்டிருந்தார். பேச்சில் சேரவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

மல்லிகா ஏன் தேர்தலில் நின்றார்? ஊருக்கு இந்த மண்பாதைதான் பிரச்சினை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரோடு வரும் என்பார்கள். ஒருமுறை பிரசாரத்துக்கு வந்த ஜீப் தார் முடியும் இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கிருந்தே மைக்கில் பேசிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஊர் மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கிறது. பேச்சு யார் காதில் விழும்? அன்றைக்கு மிளகு மூட்டையோடு அங்கே நின்றிருந்தவர் மல்லிகா மட்டும்தான். எனக்காக நானே பேசிவிடலாமே, இவர்கள் எதற்கு என்று தோன்றியது என்றார். அடுத்த தேர்தலில் கீழே இறங்கி மனுக் கொடுத்துவிட்டார்.

பலாப்பழச் சின்னம் கேட்டிருக்கிறார். வேறொருவரும் அதையே கேட்டதால் குலுக்கல் நடந்து, இவருக்கு வந்தது தென்னந்தோப்பு. ஊரில் ஒரு தென்னை மரம்கூடக் கிடையாது. அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

சின்னம் கிடைப்பதற்கு முன்பே, வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், அதுவரை தார் தாண்டி வராத கட்சிக்காரர்கள் நடந்தே வந்தார்கள். ஊரைக் கூட்டினார்கள். மல்லிகா வாபஸ் வாங்கினால், ஜெயித்ததும் முதல் வேலை உங்கள் ரோடுதான் என்றார்கள். ஊர் மொத்தமும் மல்லிகாவைப் பார்த்தது. சடையனின் அண்ணன் எல்லோர் முன்னும் கையெடுத்துக் கும்பிட்டாராம், ஊருக்காக விட்டுக்கொடு என்று.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"ஏனுங்க, நான் நிக்கறதுக்கு முந்தி இந்த ரோடு எங்கீங்க இருந்துச்சுன்னு கேட்டேன். நான் ஒருத்தி நின்னதுக்கே இத்தன பேரு நடந்து வந்திருக்கீங்க. அப்ப நிக்கறதுதான் சரின்னேன்."

அதோடு ஊர் அவரை முழுவதுமாகக் கைவிட்டது. தேர்தல் முடிந்து எண்ணியபோது, சொந்த ஊர் வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்று மாலை சடையன், தானும் அவருக்குப் போடவில்லை என்று சொல்லிவிட்டார். இதை மல்லிகா அவர் எதிரிலேயே சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சடையன் ஊசியை நிறுத்தாமல், ரோடு வரும் என்று நம்பினேன் என்றார். கோபம் வரவில்லையா என்று மல்லிகாவிடம் கேட்டேன். நொம்ப வந்தது, ஆனால் ஓட்டு அவருடையது, அதை நான் பிடுங்கினால் மைக்கில் பேசிவிட்டுப் போனவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்றார்.

பிறகு வந்த வருடங்கள் கடினமானவை. இந்த ஊரில் ஒருவர் காட்டில் அறுவடை என்றால் மற்றவர்கள் வந்து கைகொடுப்பது வழக்கம். இவர்கள் ராகிக் காட்டுக்கு யாரும் வரவில்லை. உன்னால்தான் ரோடு போயிற்று என்று தண்ணீர்க் குழாயடியில் காது கேட்கவே பேசினார்கள். இவர் குழாயடிக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர்கள் போகிற அதே நேரத்துக்கே குடத்தை எடுத்துக்கொண்டு போனாராம். பதில் சொல்வதற்கல்ல, ஒளிந்துகொள்ளவில்லை என்று காட்டுவதற்கு.

ரோடு வரவில்லை. மூன்றாம் வருடம் ஊரார் பத்துப் பேர், மல்லிகாவைச் சேர்க்காமல், கீழே போய்க் கேட்டிருக்கிறார்கள். சடையனும் போனார். வாக்குக் கொடுத்த அதே ஆள் வாசலிலேயே நிறுத்தி, உங்கள் ஊரில் இருப்பதே எத்தனை ஓட்டு என்று கேட்டாராம். மறுநாள் விடிந்ததும் சடையன் மனைவியிடம் சொன்னதை, இப்போது அவரே என்னிடம் சொன்னார். தைப்பதை அப்போதுதான் நிறுத்தினார்.

"மறுபடி நில்லு. மொதக் கையெழுத்து நான் போடறேன்னேன். வேற என்னங்க சொல்ல முடியும்?"

இரண்டாம் முறை முன்மொழிந்தவர்களில் பாதி ஊர்க்காரர்கள், பாதி எஸ்டேட் பெண்கள். மாரமங்கலம் பக்கம்வரை நடந்தே போய் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள். சின்னம் மறுபடியும் தென்னந்தோப்பு, இந்த முறை அவராகவே கேட்டு வாங்கியது. பழைய கட்சிக்காரர்கள் மறுபடி வந்து ஊரைக் கூட்டச் சொன்னபோது, கூட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. எல்லோரும் மல்லிகாவின் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் அவர் தோற்றார், டெபாசிட்டும் போயிற்று. கீழே எங்கள் பக்கத்து வாக்குச்சாவடிகளில் அவர் பேரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் மேலக்கொம்பை வாக்குச்சாவடியில் எல்லோரையும்விட முன்னால் வந்தது தென்னந்தோப்பு. அந்தச் செய்தி வந்த சில மாதத்தில் டேப்போடு ஆட்கள் வந்து பாதையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அளந்ததோடு சரி.

மதியம் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். கிளம்பும்போது, ஒருவேளை ரோடு வந்துவிட்டால் அடுத்த முறை நிற்க மாட்டீர்களா என்று கேட்டேன். மல்லிகா மிளகைக் கையால் புரட்டியபடியே பதில் சொன்னார்.

"ரோடு வந்தா நல்லதுதான் கண்ணு. கீழ எறங்கி உங்க ஊட்டுல எல்லாம் ஓட்டுக் கேக்கச் சுலபமா இருக்கும்."

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். மழைக்காலத்தில் வேண்டாம், அட்டைக்கடி, வழுக்கல் இரண்டும் உண்டு. தை, மாசி சரியான காலம். நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும். மஞ்சக்குட்டைக்கு மேல் கடை கிடையாது, செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். திரும்பும் ஜீப்பை ஏறும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டினால் கிடைக்காது. வாழப்பாடியிலிருந்து போய்வர எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மிளகு வாங்குவதாக இருந்தால் விளைவிப்பவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

இன்னொன்று, இது எங்கள் தொகுதிக்காரர்களுக்கு மட்டும். மலை ஓட்டு எத்தனை என்று கேட்டு இனி யாரும் என் எதிரில் சிரித்துவிட்டுப் போக முடியாது. அடுத்த தேர்தலில் மல்லிகா வாழப்பாடியில் இறங்கும்போது பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். முதல் நாள் எங்கள் தெரு, அடுத்த நாள் அந்தக் கல்யாணப் பந்திக்காரர்கள் குடியிருக்கும் தெரு. அவர்கள் வீட்டு அழைப்பு மணியை நானே அடிப்பதாக இருக்கிறேன்.