புங்கமரத்து வளைவில் ஒரு காற்றாலை இறக்கை

காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தின் வெளிவாசலில் நின்றிருந்தேன். கடல் பார்க்க வரவில்லை; நீண்ட டிரெய்லரில் படுத்திருந்த ஒரு காற்றாலை இறக்கையைப் பார்க்க வந்திருந்தேன். நீளம் இருநூறு அடிக்கும் மேல். ஓட்டப்பிடாரத்துக்கு அப்பால் உள்ள கரிசல் காட்டுக்குப் போகிறது. தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவர்கள் அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆள் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிடுவேன் என்று என் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதும் எனக்கு ஒரு பைத்தியம். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மைத்துனரை நச்சரித்து, இந்த வண்டிக்குப் பின்னால் வரும் ஜீப்பில் ஓர் இடம் வாங்கியிருந்தேன்.

டிரெய்லரின் பின்சக்கரங்களைத் திருப்பத் தனியாக ஓர் ஆள் உண்டு. பெயர் அந்தோணி, திரேஸ்புரத்துக்காரர். விசைப்படகு ஓட்டியவர்; டீசல் காசுக்குக்கூட மீன் படாமல் போனதும் இந்த வேலைக்கு வந்துவிட்டார். முன்னால் இருக்கும் டிரைவர் வளைத்தால் வால் எங்கே போகும் என்பது படகு விட்டவனுக்குத் தன்னால் தெரியும் என்றார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி கிளம்பியது.

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னால் போயின. இந்தப் புகை ஒரு நாள் நிற்க வேண்டுமானால் இந்த இறக்கை போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தபோது, ஊர்வலத்தில் சாமிக்குப் பின்னால் போகிறவனைப் போல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வழியில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளுக்காக ஊர் ஊராக லைனை நிறுத்தினார்கள். நாங்கள் கடக்கும்வரை அந்தந்த ஊரில் மின்விசிறி ஓடாது. ஜனங்கள் வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

எட்டரை மணிக்குச் சாலையோரம் நிறுத்தியபோது அந்தோணி கணக்கைச் சொன்னார். அந்தக் காட்டில் இரண்டு பழைய சின்னக் காற்றாலைகளைக் கழற்றிவிட்டார்கள். அவை இருந்த இடத்தில் ஒரே ஒரு பெரியதை நிறுத்துகிறார்கள். இறக்கை நீள நீள ஒரு யூனிட் மின்சாரத்தின் அடக்கவிலை குறையும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேரிடம் வாதாடியும் இருக்கிறேன். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது.

ஓட்டப்பிடாரம் போகும் வழியில் ஒரு வளைவு. பழைய இறக்கைகள் வந்த காலத்தில் அங்கிருந்த புங்கமரத்தில் ஒரு கிளையை வெட்டினால் போதுமாக இருந்தது. இந்த நீளத்துக்கு மரமே நிற்கக் கூடாது. இறக்கையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போகிற வண்டியும் இருக்கிறதாம், வாடகை அதிகம்.

"அந்த வண்டிக்கு வாடகை இவ்வளவுன்னு கணக்கு இருக்கு சார். மரத்துக்கு வெட்டுக்கூலி மட்டும்தான் கணக்கு. நெழலுக்கு யாரு வெல போடுதா?" என்றார் அந்தோணி.

பத்து மணிக்கு வளைவை அடைந்தோம். மரம் அதற்குள் தரையில் கிடந்தது. வெட்டியவர்கள் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை இலையின் கசப்பு வாடை காற்றில் நின்றது. மரத்தடியில் டீக்கடை வைத்திருந்தவள் சண்முகத்தாய். ஐம்பது வயதிருக்கும். மரம் சாலைக்காரர்களுடையது என்பதால் அவளுக்கு அதில் பாத்தியதை இல்லை. நிழலுக்கு ஈடாகக் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் கடைக்குப் புதுத் தகரமும் ஒரு மேசை மின்விசிறியும் கொடுத்திருந்தார்கள். வெட்டியவர்களுக்கும் அவளே டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் டீக்காவா வந்தாக? நெழலுக்கு வந்தாக, உக்காந்த பாவத்துக்கு ஒரு டீ குடிச்சாக," என்றாள் என்னிடம். களையெடுக்கிற பெண்களும் பேருந்துக்கு நிற்பவர்களும்தான் அவளுடைய வியாபாரம். எனக்கு வருத்தமாக இருந்தது. காற்றாலை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது வருத்தத்தைக் கூட்டியது.

அடுத்த ஊரில் லைனை நிறுத்தும்வரை வண்டி வளைவிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அப்போது ஒன்று நடந்தது. கடைக்கு முன்னால் நின்ற இறக்கையின் நிழல் தரையில் நீளமாக விழுந்தது. காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சண்முகத்தாய்க்கு டீ ஆற்ற இரண்டு கை போதவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து லைன் நிறுத்திவிட்டதாகத் தகவல் வந்தது. அந்தோணி பின்சக்கரத்தைத் திருப்ப, வால்முனை மரம் நின்ற இடத்தின் மேலாக மெதுவாகக் கடந்தது. நிழல் விலகி வெயில் மேலே விழுந்ததும் பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

இறக்கையைக் காட்டில் சேர்த்தபோது மணி ஒன்று. திரும்பும்போது பேருந்தில் வந்து அந்த வளைவில் இறங்கினேன். மணி மூன்றரை. பெஞ்சு காலியாக இருந்தது. தகரத்துக்குக் கீழே அனல். மேசை மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. கடைக்கான மின்கட்டணம் வீட்டுக்கட்டணத்தைவிட அதிகம் என்பதால் ஆள் வந்தால் மட்டும் போடுகிறாளாம், எனக்காகப் போட்டாள். டீ பன்னிரண்டு ரூபாய். மதுரையில் என் வீட்டின் மேற்குச் சுவரை ஒரு வேம்பு மறைத்து நிற்கிறது. கரண்ட் பில் குறைவாக வரும்போதெல்லாம் நான் மாற்றிய விளக்குகளைத்தான் பாராட்டி வந்திருக்கிறேன். அந்த வேம்பு ஒரு நாளும் என் கணக்கில் வந்ததில்லை.

தூத்துக்குடி பேருந்து தூரத்தில் தெரிந்ததும் சண்முகத்தாய் கடையை விட்டு வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த பிளேடு வாரப்போ இங்கன கொஞ்சம் கூடுதலா நிப்பாட்டச் சொல்லுதீகளா? ஆளு வருதுல்லா."

சொல்கிறேன் என்றேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அந்தோணியைக் கைப்பேசியில் அழைத்துச் சொன்னேன். "நிப்பாட்டுதேன் சார்," என்றார்.

ஒரு காற்றாலைக்கு மூன்று இறக்கைகள். அதில் ஒன்று போய்விட்டது, இன்னும் இரண்டுதான் வரும் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.